பொன் போர்த்த கதிரை

கொழும்பு நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் கண்டி மன்னரின் சிம்மாசனத்தின் முன்னே சிறிது நேரம் நில்லாமல் வருவதில்லை. யானும் அவ்வாறே நின்றேன். மரத்தினாற் செய்து, பொற்றகடு போர்த்து, மணிகள் பதித்த அவ்வாசனத்தைச் சுட்டி, "பிறர் கலப்புச் சிறிதுமின்றி இந்நாட்டுக் கம்மியர் இயற்றிய தூய கைவினை இது" என்று உரத்த குரலிற் கூறினேன். அருகில் நின்ற மாணவன் ஒருவன் அங்கிருந்த விளக்கக் குறிப்பை அமைதியாக வாசித்து முடித்து, "ஐயா, இந்தக் கதிரையை ஒல்லாந்தர் கொடுத்ததாக அல்லவா இதில் எழுதியிருக்கிறது?" என்று வினவினான்.

"கதிரை என்று சொல்லாதே; நாற்காலி என்பதே தமிழ். அரசனுக்கு உரியதாதலின் அரியணை என்று சொல்" என்றேன். அவன் தலையசைத்தான். ஆயினும் அவன் கேட்ட வினா அதுவன்று. விடை தெரியாத இடத்திற் சொற்பிழை திருத்தித் தப்பிக்கொள்வது எம்போன்ற ஆசிரியர்க்குப் பழகிய தந்திரம். அதனை அவனும் அறிந்திருப்பான். அறிந்தும் பணிவினால் வாளாவிருந்தான்.

ஊர் திரும்பும் புகையிரதத்தில் அவ்வினா என்னை விட்டபாடில்லை. அச்சிம்மாசனம் 1693ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ என்பவர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்தது என்பர். அதன் அமைப்பிலே பதினான்காம் லூயி மன்னன் காலத்துப் பிரெஞ்சுப் பாணியின் சாயல் தெரிகின்றது. கைப்பிடிகளில் அமர்ந்த சிங்கங்களும் சாய்மானத்தின் உச்சியில் ஒளிரும் சூரியனும் கண்டியரசின் பெருமையைச் சொல்லி நிற்கின்றன. 1815ஆம் ஆண்டிற் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டபின் அஃது இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விண்ட்சர் கோட்டையில் வைக்கப்பெற்று, 1934ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுக்கு மீண்டது. யான் பிழையென்று திருத்திய கதிரை என்னும் சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. மேசை, அலுமாரி, வாங்கு என எம் வீட்டுத் தளபாடங்கள் பலவற்றின் பெயர்களும் அவர்கள் வழி வந்தனவே. சொல்லை ஒருவர் தந்தனர்; பொருளை மற்றொருவர் தந்தனர்; கோலம் மூன்றாமவர் நாட்டிலே பிறந்தது. யானோ 'தூய கைவினை' என்று முழங்கினேன்.

அப்படியாயின், அச்சிம்மாசனம் நூறாண்டுக்கு மேல் தங்கியிருந்த இங்கிலாந்திலேனும், ஓரினத்தார் பிறரிடம் கடன் கொள்ளாது தாமே படைத்த பொற்றளபாடம் உண்டா? இவ்வெண்ணம் எழவே, இலண்டனில் வாழும் என் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதினேன். அவர் நூல்களும் படங்களும் அனுப்பிவைத்தார். இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு மரவேலையில் என்ன அலுவல் என்று நண்பர் நகைத்தனர். எனக்கு வேண்டியிருந்தது மரவேலை அன்று. இரவல் வாங்கிய ஒன்று எப்பொழுது தனதாகின்றது என்னும் வினாவுக்கு விடையே வேண்டியிருந்தது.

பொன் ஏறும் வகை

முதலில் தொழின்முறையைச் சிறிது அறிதல் நன்று. பொன் பூசிய ஆங்கிலத் தளபாடங்கள் பெரும்பாலும் பைன், லைம், பீச் போன்ற எளிய மரங்களால் ஆனவை. மேலே பொன் மூடிவிடுவதால் மரத்தின் நிறமும் ரேகையும் பொருட்டல்ல. உளிக்கு இணங்கினாற் போதும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையிலே, வகுப்பறை வெண்கட்டியை ஒத்த வெண்மண் தூளைக் குழைத்து, செதுக்கிய மரத்தின்மேற் பல தடவை பூசுவர். பூச்சுத் தடிக்கத் தடிக்க இலையின் நரம்பும் இறகின் நுனியும் மழுங்கிப் போகும். ஆகவே, அது காய்ந்தபின் நுண்ணிய கருவிகளால் அவ்வெண்பூச்சிலேயே மீண்டும் செதுக்குவர். மரத்தில் இல்லாத நுட்பங்கள் பலவும் இம்மறுசெதுக்கிலேதான் தோன்றும். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்; பின்னர் இவ்விடத்துக்கே மீளுவோம்.

அதன்பின் செங்களிமண்ணைப் பூசி, நீரால் நனைத்து, அணில்மயிர்த் தூரிகையினால் தங்க ரேக்கை எடுத்து இடுவர். மூச்சுப் பட்டாலும் பறக்கும் மென்மை அதற்கு உண்டு. காய்ந்ததும் வழுவழுப்பான கல்லினாலோ நாயின் பல்லினாலோ தேய்த்து மெருகேற்றுவர். இஃது ஒருமுறை. எண்ணெய்ப் பசையின்மேல் ரேக்கை ஒட்டுவது மற்றொரு முறை. அது தேய்மானத்தைத் தாங்கும். ஆயின் மெருகேற்ற இடந்தராது. மெருகிட்ட இடமும் மெருகிடாத இடமும் கலந்து நிற்கையில், மெழுகுதிரி வெளிச்சத்திலே அப்பொருள் அசைவதுபோலத் தோன்றும். மின்விளக்கு இல்லாத காலத்தில், இரண்டு சாளரங்களுக்கிடையே நிலைக்கண்ணாடியும் அதன்கீழ்ப் பொன்மேசையும் வைத்தமை செல்வச் செருக்கினால் மட்டுமன்று. சிறிய சுடரைப் பெருக்கி அறையெங்கும் பரப்புதற்காகவும் ஆகும்.

கடல் கடந்து வந்த கோலங்கள்

1660ஆம் ஆண்டில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் பிறநாட்டு வாசம் நீங்கி அரசுகட்டில் ஏறினான். அவனுடன் பிறநாட்டு நாகரிக வேட்கையும் வந்தேறியது. யப்பானிலும் சீனத்திலும் செய்த கருமெருகுப் பேழைகளைக் கிழக்கிந்தியக் கம்பனியாரின் கப்பல்கள் ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தன. கீழ்த்திசையிலே அவை எளிய பீடங்களின்மேல் இருந்தவை. இங்கிலாந்திலோ அவற்றைத் தாங்குதற்குச் சிறகுடைய குழந்தைகளும் கொடிகளும் பின்னிய தாங்கிகளைச் செதுக்கிப் பொன்னோ வெள்ளியோ பூசினர். பேழை கீழ்த்திசையது, தாங்கியின் கோலம் ஒல்லாந்தும் இத்தாலியும் கற்பித்தது, செதுக்கியவன் மட்டும் இலண்டன்வாசி.

அடுத்த அலை துன்பத்தின் வழி வந்தது. 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி, தன் நாட்டுப் புரட்டஸ்தாந்தருக்கு இருந்த வழிபாட்டுரிமையை நீக்கினான். ஹியூகனோத்தர் எனப்படும் அம்மக்களுட் பல்லாயிரவர் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஓடினர். அவர்களிடையே நெசவாளரும் வெள்ளி வேலையாளரும் மரஞ்செதுக்குவோரும் இருந்தனர். டானியேல் மாரோ என்னும் வரைகலைஞர் ஒல்லாந்திலே வில்லியம் இளவரசரிடம் அடைக்கலம் பெற்றார். அவ்விளவரசரே 1689ஆம் ஆண்டில் மனைவி மேரியுடன் இங்கிலாந்தின் முடி சூடி மூன்றாம் வில்லியம் ஆனார். அவருடைய ஹம்ப்டன் கோட் அரண்மனைக்குப் பொன் பூசிய மேசைகளையும் விளக்குத் தாங்கிகளையும் செய்தளித்தவர் பெலெத்தியே என்னும் மற்றொரு ஹியூகனோத்தர். வேர்சேய் அரண்மனையின் பொலிவை, வேர்சேய் மன்னனால் துரத்தப்பட்டவர்களே அவனுடைய பகைவனின் அரண்மனையில் உண்டாக்கினர்.

இவ்விடத்தில் என் விரல் புத்தகத்தின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஒல்லாந்தின் தலைவர் இலண்டனில் அரசு வீற்றிருந்த அதே பத்தாண்டில் அன்றோ ஒல்லாந்த ஆளுநர் கண்டிக்கு அச்சிம்மாசனத்தை அனுப்பினார்! பிரான்சிலே எழுந்த ஓரலை ஒல்லாந்தின் வழியே ஒரு கரையில் ஹம்ப்டன் கோட்டையும் மற்றொரு கரையில் கண்டியையும் தொட்டிருக்கின்றது.

பின்வந்த முதலாம் ஜோர்ஜ் மன்னன் காலத்தில் ஜேம்ஸ் மூர் என்னும் அரண்மனைத் தச்சர், வெண்பூச்சிலேயே தாழ்ந்த புடைப்பாகக் கொடிக்கோலங்களை வெட்டிப் பொன் பூசிய மேசைகளுக்குப் பெயர்பெற்றார். அக்கோலங்களின் மூலம் ஜான் பெரேன் என்னும் பிரெஞ்சுக்காரரின் அச்சுச் சித்திரங்களிலே உள்ளது. மூர் சிலவற்றிலே தம் பெயரையும் வெட்டிவைத்தார்.

வில்லியம் கென்ற் என்பவரின் செய்தி மேலும் சுவையானது. 1709ஆம் ஆண்டு முதற் பத்தாண்டு காலம் இத்தாலியிலே ஓவியம் பயின்று, 1719ஆம் ஆண்டிற் பேர்லிங்டன் பிரபுவுடன் தாயகம் திரும்பினார். பிரபுவோ இத்தாலியக் கட்டடக் கலைஞர் பலாடியோவையே குருவாகக் கொண்டவர். பலாடியோவின் நெறிப்படி மாளிகைகள் எழுந்தன. ஆயின் அவற்றினுள்ளே வைப்பதற்குத் தளபாட மாதிரி எதனையும் பலாடியோ விட்டுச் செல்லவில்லை. கென்ற், உரோமாபுரியிலும் வெனிசிலும் தாம் கண்ட அரண்மனைத் தளபாடங்களின் கனத்த சுருள்களையும் சிப்பிகளையும் கழுகுகளையும் எடுத்து, கட்டடத்தின் தூண்களோடும் கதவுநிலைகளோடும் இயையுமாறு திருத்தி அமைத்தார். நோபோக் பகுதியிலே ரொபேட் வோல்போல் கட்டிய ஹௌட்டன் மாளிகையில் அவர் அமைத்தவை இன்றும் காணத்தக்கன. 1744ஆம் ஆண்டில் ஜோன் வார்டி அவருடைய வரைவுகளை அச்சிட்டு வெளியிட்டார். குருவின் நூலில் இல்லாததைக் குருவின் நெறி வழுவாமல் மாணாக்கன் செய்தான். இதனை எம் இலக்கண நூலோர் வழிநூல் என்பர்.

பகைவனின் பாணி

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரான்சிலிருந்து புதியதொரு பாணி வந்தது. பாறையும் சிப்பியும் நீரலையும் அதன் கருப்பொருள். இடமும் வலமும் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் நியதியை அது கைவிட்டது. மத்தையாஸ் லொக் என்னும் மரச்சிற்பி 1744ஆம் ஆண்டிலே இப்பாணியில் விளக்குத் தாங்கிகளை வரைந்து வெளியிட்டார். தோமஸ் சிப்பெண்டேல் 1754ஆம் ஆண்டில், கனவானுக்கும் தச்சனுக்கும் வழிகாட்டியாக ஒரு பெருநூல் அச்சிட்டார். அதன் முகப்பிலே மூன்று சுவைகள் கூறப்பட்டன: கோதிக், சீனம், நவீனம். நவீனம் என்றது பெரும்பாலும் பிரெஞ்சுப் பாணியையே. மூலத்தின் பெயரை மறைக்க 'நவீனம்' என்பதினும் வசதியான சொல் வேறில்லை. இஃது எம் இலக்கிய உலகமும் அறிந்ததொன்று.

தோமஸ் ஜோன்சன் என்பவர் இவ்வகையில் எல்லாரையும் விஞ்சினார். 1758ஆம் ஆண்டில் அவருடைய வரைவுத் தொகுதி வெளிவந்தபோது இங்கிலாந்தும் பிரான்சும் ஏழாண்டுப் போரிலே பொருதிக்கொண்டிருந்தன. பிரெஞ்சுப் பொருள்களையும் நாகரிகத்தையும் எதிர்ப்பதற்கென்றே இலண்டனில் ஒரு சங்கம் இருந்தது. ஜோன்சன் தம் தொகுதியை அச்சங்கத்தின் தலைவராகிய பிளேக்னி பிரபுவுக்கே உரிமையாக்கினார். உரிமையுரைப் பக்கத்திலே, பிரெஞ்சுக் காகிதக்கூழ் அலங்காரத்துக்குச் சிறகுடைய குழந்தையொன்று தீ வைக்கும் சித்திரத்தையும் பொறித்தார். பக்கத்தைப் புரட்டினாலோ உள்ளேயிருப்பன அனைத்தும் பிரெஞ்சு நாட்டிற் பிறந்த சுருள்களும் சிப்பிகளுமே! வாயினால் வைதுகொண்டு கையினால் வாங்கிக்கொள்ளும் இயல்பு ஓரினத்தார்க்கு மட்டும் உரியதன்று போலும்.

ஆயினும் ஜோன்சனை நகைத்து ஒதுக்குதல் தகாது. அவருடைய கண்ணாடிச் சட்டங்களை உற்று நோக்குமிடத்து, பாரிசில் இல்லாத ஓருலகம் அங்கே தோன்றுகின்றது. பிரான்சிஸ் பார்லோ என்னும் ஆங்கில ஓவியர் ஈசாப்பின் நீதிக்கதைகளுக்கு முந்திய நூற்றாண்டிலே வரைந்த விலங்குகளும் பறவைகளும் அச்சட்டங்களிற் குடியேறியுள்ளன. பட்டமரமும் நீர்வீழ்ச்சியும் நாட்டுப்புறக் குடிசையும் பொன்னிலே நிற்கின்றன. இதற்குக் காரணமும் உண்டு. ஆங்கிலச் சிற்பிகளிற் பலருக்குப் பிரெஞ்சுப் பாணி அச்சுத்தாள்களின் மூலமே கிட்டியது. தாளிலே நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. அவ்வாழத்தைச் சிற்பி தன் கற்பனையினாலேயே நிரப்பவேண்டியிருந்தது. அவ்விடத்திலேதான் அவனுடைய நாடும் அவன் இளமையிற் கேட்ட கதைகளும் வந்து புகுந்தன.

எல்லா இரவலும் இவ்வாறு சிறந்தன என்று கூறுவதற்கில்லை. சீனப் பித்து அளவு மீறியதை 1753ஆம் ஆண்டிலேயே இலண்டனின் 'தி வேர்ல்ட்' என்னும் வார இதழ் எள்ளி எழுதியது. கோதிக் வளைவின்மேற் சீனக் கோபுரமும் அதன்மேற் பிரெஞ்சுச் சுருளுமாக, ஒன்றோடொன்று பேசாத விருந்தினரைப்போல நிற்கும் வரைவுகளும் அக்காலத்தில் உண்டு. பொன் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கும். ஆயின் ஒரே பொருளாக்காது.

புதையுண்ட நகரங்கள்

1738ஆம் ஆண்டில் ஹெர்குலேனியமும் 1748ஆம் ஆண்டில் பொம்பெயும் அகழப்படத் தொடங்கின. எரிமலைச் சாம்பலிற் புதையுண்டு கிடந்த உரோமரின் வீடுகள் வெளிப்பட, சிப்பிச் சுருள்கள் மெல்ல மெல்ல மதிப்பிழந்தன. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் அடம் 1754ஆம் ஆண்டு முதல் 1758ஆம் ஆண்டு வரை வெளிநாட்டிலே தங்கி, உரோமாபுரியின் இடிபாடுகளையும் அத்திரியாத்திக் கடற்கரையிலுள்ள டயோக்கிளீசியன் பேரரசனின் அரண்மனையையும் அளந்து வரைந்தார். ஸ்பிங்ஸ் உருவமும் ஆட்டுத் தலையும் மெல்லிய பூமாலையும் அவர் வழி ஆங்கிலத் தளபாடத்தில் ஏறின.

லோரன்ஸ் டண்டாஸ் என்னும் செல்வருடைய இலண்டன் மாளிகைக்காக அடம் வரைந்த சாய்கதிரைகளையும் சோபாக்களையும் 1765ஆம் ஆண்டிற் செய்து முடித்தவர் வேறெவருமல்லர். பிரெஞ்சுப் பாணியின் வழிகாட்டியாக விளங்கிய அதே சிப்பெண்டேலே. எட்டுக் கதிரைகளுக்கு 160 பவுண் கணக்கெழுதினார். பண்டைப் பாணியிலே செதுக்கி எண்ணெய்ப் பொன் பூசியமையும் கணக்கிலே கூறப்பட்டுள்ளது. அப்பொழுது அவருக்கு வயது 47. தாம் அச்சிட்ட நூலைத் தாமே கடந்து செல்லும் துணிவு அவ்வயதில் அவருக்கு இருந்தது. ஐம்பதைக் கடந்த எனக்கு இச்செய்தி உறைத்தது.

சிப்பெண்டேலின் மிகப் பெரிய பணி யோக்ஷயரிலுள்ள ஹெயார்வூட் மாளிகைக்குச் செய்தது. அங்குள்ள பொன் பூசிய கண்ணாடிகளின் படங்களைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன். அம்மாளிகையைக் கட்டிய லசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் அடிமை வாணிகத்திலிருந்தும் வந்தது என்று அடுத்த பக்கத்திலே படித்தபோது வியப்பு அடங்கிற்று. பொன் பூச்சின்கீழ் எளிய மரம் இருப்பதைத் தொழின்முறையிற் கண்டோம். அம்மரத்துக்கும் கீழே பெயரறியாத ஆயிரக்கணக்கான மக்களின் முதுகுகள் இருக்கின்றன. கோலத்தைக் கடன் கொண்டவன் அதனைத் தனதாக்கித் திருப்பித் தருதல் கூடும். ஈண்டு கொள்ளப்பட்டதோ கடன் அன்று. இதனை மாணவர்க்குச் சொல்லாது அழகை மட்டும் சொல்லுதல் அரைப்பாடமே.

1798ஆம் ஆண்டில் நெப்போலியன் எகிப்தின்மேற் படையெடுத்தான். உடன் சென்ற டெனோன் 1802ஆம் ஆண்டில் வெளியிட்ட சித்திர நூல் எகிப்தியக் கோலங்களை ஐரோப்பாவெங்கும் பரப்பியது. அம்ஸ்டர்டாமிலிருந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்த வணிகக் குடும்பத்தவராகிய தோமஸ் ஹோப், கிரேக்கத்தையும் எகிப்தையும் கலந்து தம் இல்லத்தை அணிசெய்து, அவ்வரைவுகளை 1807ஆம் ஆண்டில் நூலாக்கினார். கருமையும் பொன்னும் கலந்த அவருடைய கதிரைகளிலே பண்டை நைல் நாட்டுத் தெய்வங்கள் காவல் இருக்கின்றன.

மறுசெதுக்கு

ஆக, யான் தேடிய தூய ஆங்கிலப் பொற்றளபாடம் அகப்படவேயில்லை. ஒல்லாந்து, பிரான்சு, இத்தாலி, சீனம், யப்பான், கிரேக்கம், எகிப்து என ஒவ்வொரு பொருளின் பின்னும் வேறொரு நாடு நின்றது. ஆயினும், அவற்றுள் நல்லனவற்றைக் காண்போர் இவை இங்கிலாந்தின் கைவேலை என்று இனங்காணத் தவறுவதில்லை. இஃது எவ்வாறு?

விடை அவ்வெண்பூச்சிலே இருக்கின்றது. வந்த கோலத்தின்மேற் பூச்சுப் பூசி அப்படியே பொன் ஏற்றினால் மழுங்கிய பொம்மையே எஞ்சும். பூச்சுக் காய்ந்தபின் தன் கருவியை எடுத்து, தன் கண்ணுக்குத் தெரிந்த இலையையும் இறகையும் மீண்டும் செதுக்குபவனே அக்கோலத்துக்கு உரியவனாகின்றான். கென்ற் செய்ததும் ஜோன்சன் செய்ததும் அடம் செய்ததும் இம்மறுசெதுக்கே. அது செய்யாதார் வாங்கியவை இரவற் பொருளாகவே நின்றன.

இவ்விடை எனக்குப் புதிதாகத் தோன்றியதுதான் வெட்கத்துக்குரியது. வடசொல்லைத் தமிழிலே வழங்குங்கால் அதன் எழுத்தை நீக்கித் தமிழெழுத்துக்கு இயையுமாறு ஆக்கிக்கொள்க என்று தொல்காப்பியர் விதித்திருக்கின்றார். இவ்விதியை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். வருவதைத் தடுக்க அவர் கூறவில்லை. மறுபடி செதுக்கவே கூறினார். போர்த்துக்கேயரின் 'கடேய்ரா'வை எம் முன்னோர் கதிரை ஆக்கினர். அதன் ஓசையை இழைத்து, ஐகார ஈறு கொடுத்து, கதிரையை, கதிரையில் என்று வேற்றுமை உருபுகளும் ஏற்கச் செய்தனர். அச்சொல் யாழ்ப்பாணத்துத் திண்ணையிலும் மட்டக்களப்பு முற்றத்திலும் பிறந்ததுபோலவே வழங்குகின்றது. செதுக்காமற் புகுத்தும் சொல்லை இனியும் சிவப்பு மையினால் வெட்டுவேன்; அதில் தளர்ச்சியில்லை. செதுக்கிய சொல்லை வெட்டுதல் செதுக்கியவனின் கையை வெட்டுதலாகும்.

நூதனசாலைப் பயணத்தைப் பற்றி மாணவர் எழுதிய கட்டுரைகள் அக்காலமெல்லாம் என் மேசையிலேயே கிடந்தன. அம்மாணவனின் கொப்பியை எடுத்தேன். ஒரே பக்கத்தில் மூன்று இடங்களிற் 'கதிரை' என்று எழுதியிருந்தான், நாணயமானவன். ஓரிடத்தில், 'சிங்கத்தைக் கையிலே வைத்தபடியால் அது எங்கள் நாட்டுக் கதிரை ஆகிவிட்டது' என்றும் எழுதியிருந்தான். ஆறு மாதம் நூல்களிலே தேடி யான் கண்டதை அவன் அன்றே கண்டு எழுதிவிட்டான். சிவப்பு மைப் பேனாவை மூடிவைத்தேன். மறுநாள் வகுப்பிலே, சிம்மாசனத்தைப் பற்றி யான் கூறியது பிழை என்றும் அவன் கேட்டதே சரியான கேள்வி என்றும் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் எழுந்து நின்று, "இருக்கட்டும் ஐயா" என்றான். பிறகு எல்லாருமாகத் தொல்காப்பியத்தின் அப்பகுதியை மீண்டும் ஒருமுறை படித்தோம்.